டி டிரைவில் இருந்த நைனாவின் குரல்

சென்ற மாதம் கொடுங்கையூரிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் தன் லேப்டாப்பில் விண்டோஸ் 11 போடப் போவதாகவும், வேண்டியதையெல்லாம் டி டிரைவுக்கு மாற்றிவிட்டதாகவும் சொல்லிவிட்டு, "மாமா, சி-ய மட்டும் ஃபார்மட் பண்ணிடட்டா?" என்று கேட்டான். "நான் வர்ற வரைக்கும் கை வைக்காதடா" என்று சொல்லிவிட்டு, ஓட்டேரியிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பினேன். அவனுடைய லேப்டாப்பில் என்ன பார்த்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அன்று இரவு வீடு திரும்பிய பிறகுதான், 2020 ஜனவரியில் எனக்கு நேர்ந்ததை இனியும் தள்ளிப்போடாமல் எழுதிவைக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் அழைப்போம். வட சென்னையில் பல வீடுகளில் அதுதான் வழக்கம். நைனா பெரம்பூர் பின்னி மில்லில் 1968-இல் தறிப் பிரிவில் சேர்ந்து, 1996-இல் மில் மூடப்படும்வரை அங்கேயே வேலை பார்த்தவர். வயதான காலத்தில் அவர் பேசுவதைப் பதிவு செய்துவைக்க வேண்டும் என்ற ஆசையில், நண்பர் ஒருவரிடம் ஒரு சிறிய வாய்ஸ் ரெக்கார்டரை இரவல் வாங்கி, 2014 முதல் 2016 வரை, ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவர் மனம் இருக்கும்போதெல்லாம் பேசவைத்தேன். மொத்தம் பதினோரு பதிவுகள், ஏறத்தாழ எட்டு மணி நேரம். மில் சங்கு ஊதியதும் புளியந்தோப்பும் பட்டாளமும் எப்படிப் பரபரக்கும் என்பது, தறிச் சத்தத்தில் காது கேட்காமல் தொழிலாளர்கள் கைச்சாடையிலேயே கேலி பேசிக்கொண்டது, மில் மூடிய பிறகு வந்த வருடங்கள் என்று அவர் தொட்டதையெல்லாம் பதிவு செய்தேன். அந்தக் கடைசிப் பகுதியில், யாரிடம் எவ்வளவு கடன் வாங்கினார், யார் கொடுத்து உதவினார்கள், யார் வாசலில் நின்று கத்தினார்கள் என்பதைப் பெயர் சொல்லிப் பேசியிருந்தார். பேசி முடித்ததும், "டேய், நான் இருக்கிற வரைக்கும் இத வெளியாளுக்குப் போட்டுக் காட்டாதே" என்றார். சரி என்றேன்.

அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் பூட்டினேன். லேப்டாப்பை வீட்டில் எல்லோரும் எடுப்பார்கள். பிள்ளைகளின் சிநேகிதர்களும் வந்து உட்கார்ந்து கேம் ஆடுவார்கள். அதில் இருந்தது விண்டோஸ் 7 ப்ரொஃபெஷனல். பதிவுகள் இருந்த கோப்புறையில் ரைட் கிளிக் செய்து, ப்ராபர்ட்டீஸ், அட்வான்ஸ்ட் என்று போனால், உள்ளடக்கத்தை என்கிரிப்ட் செய்யும்படி ஒரு சிறிய கட்டம் இருக்கும். அதில் டிக் அடித்தேன். கோப்புகளின் பெயர்கள் கறுப்பிலிருந்து பச்சைக்கு மாறின. என் பெயரில் உள்ளே நுழைந்தால் எந்தக் கேள்வியும் இல்லாமல் திறக்கும். வேறொருவர் பெயரில் நுழைந்தால் திறக்காது. தனியாக ஒரு பாஸ்வேர்டு வைத்து அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. அந்தச் சௌகரியம்தான் பின்னால் என்னை அழவைத்தது, ஏனென்றால் திறப்பதற்கு ஒரு சாவி இருக்கிறது, அது ஓரிடத்தில் இருக்கிறது என்ற எண்ணமே எனக்கு வராமல் போயிற்று. பூட்டிய அன்றே திரையின் கீழ் மூலையில் விண்டோஸ் ஒரு குறிப்பு காட்டியது. கோப்புகளைத் திறக்கும் சாவியை இப்போதே நகல் எடுத்துவைக்கிறாயா, பிறகு எடுக்கிறாயா, எடுக்கவே வேண்டாமா என்று அது கேட்டது. பிறகு என்று அழுத்தினேன்.

நைனா 2018 ஜூனில் காலமானார்.

கம்ப்யூட்டர் வாங்கிய நாளிலிருந்து நமக்கெல்லாம் சொல்லித்தரப்பட்ட ஒரு பாடம் உண்டு. சி டிரைவில் விண்டோஸ் இருக்கட்டும், உன்னுடையதையெல்லாம் டி டிரைவில் போட்டுவை, என்ன ஆனாலும் சி-யை ஃபார்மட் செய்து புதிதாகப் போட்டுக்கொள்ளலாம், டி அப்படியே இருக்கும் என்பதே அது. சர்வீஸ் செய்ய வரும் பையன்களும் அதைத்தான் சொல்வார்கள். சாதாரணக் கோப்புகளைப் பொறுத்தவரை அதில் தவறு ஏதும் இல்லை. இருபது வருடங்களில் நாலைந்து முறை நானே அப்படிச் செய்திருக்கிறேன், ஒன்றும் தொலைந்ததில்லை. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதி முடிந்தது. அன்று போகிப் பண்டிகை. லீவு கிடைத்ததால் அன்று மாலையே பென் டிரைவில் விண்டோஸ் 10-ஐ எடுத்துவைத்துக்கொண்டு, நைனாவின் பதிவுகள் டி டிரைவில் இருக்கின்றனவா என்று ஒரு முறைக்கு இரு முறை பார்த்து, பதினொன்றையும் எண்ணி, ஒன்றைப் போட்டுக் கேட்டும் பார்த்துவிட்டு, சி டிரைவை ஃபார்மட் செய்தேன். அதே விண்டோஸ் 7-க்கு மேல் அப்படியே அப்கிரேட் செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை. சுத்தமாக இருக்கட்டும் என்று துடைத்தேன்.

பத்து நாள் கழித்து, ஜனவரி 24 தை அமாவாசை. படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்து வந்த பிறகு, "உங்க நைனா பேசினத கொஞ்சம் போடேன், கேக்கணும்போல இருக்கு" என்று அம்மா கேட்டார். லேப்டாப்பைக் கூடத்தில் வைத்து டி டிரைவைத் திறந்தேன். பதினோரு கோப்புகளும் இருந்தன. ஒவ்வொன்றின் படத்தின் மேலும் ஒரு குட்டிப் பூட்டு ஒட்டியிருந்தது. முதல் பதிவை அழுத்தினேன். அனுமதி இல்லை என்ற பெட்டி வந்தது. இரண்டாவதை அழுத்தினேன், அதே பெட்டி. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. "இன்னாடா, உங்க நைனா பேச மாட்டேன்றாரா?" என்று கேட்டார். எனக்கு நெஞ்சை அடைத்தது. ஏதோ பிளேயர் சரியில்லை என்று சொல்லி மூடிவிட்டேன்.

அந்தக் கோப்புகளோடு அதற்குப் பிறகு கழித்த இரவுகளில் புரிந்துகொண்டது இது. அவற்றின் பெயரை மாற்ற முடிந்தது. எத்தனை எம்பி, எந்தத் தேதியில் பதிவானது என்று பார்க்க முடிந்தது. அழிக்க நினைத்தால் அழிக்கவும் முடிந்திருக்கும். திறக்கவும் பென் டிரைவுக்கு நகல் எடுக்கவும் மட்டும் முடியவில்லை. பழைய பெயரிலேயே, எழுத்து மாறாமல், அதே பாஸ்வேர்டோடு புதிய விண்டோஸில் ஒரு கணக்கை உருவாக்கிப் பார்த்தேன், பயனில்லை. நமக்கு அது ஒரே பெயர், விண்டோஸுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு கணக்குக்கும் அது ஒரு நீண்ட அடையாள எண்ணைப் புதிதாகக் கொடுக்கிறது, அந்த எண்ணைத்தான் அது நம்புகிறது. கோப்புகளின் உரிமையை என் புதிய பெயருக்கு மாற்றும் வழியை யாரோ சொல்ல, அதையும் செய்தேன். உரிமை மாறியது, பூட்டு அசையவில்லை. லினக்ஸ் பென் டிரைவில் கம்ப்யூட்டரை இயக்கியும் பார்த்தேன். அனுமதிச் சிக்கல் என்றால் இந்த வழிகளில் ஏதாவது ஒன்று உதவியிருக்கும். இங்கே கோப்புக்குள் இருந்த ஒலியே வேறு எண்களாகக் கலைத்து எழுதப்பட்டிருந்தது.

இ.எஃப்.எஸ். என்ற இந்தப் பூட்டு விண்டோஸ் 2000 காலத்திலிருந்து இருப்பது. ஒரு கோப்பைப் பூட்டச் சொன்னால், விண்டோஸ் அந்த ஒரு கோப்புக்கென்றே புதிய சாவி ஒன்றை உருவாக்கி, அதைக்கொண்டு உள்ளடக்கத்தைக் கலைத்து எழுதுகிறது. அந்தச் சாவியை வெளியே போட்டுவைக்க முடியாது என்பதால், என் பெயரில் ஏற்கெனவே உருவாக்கி வைத்திருக்கும் பொதுச் சாவியால் அதைப் பூட்டி, கோப்போடு சேர்த்தே வைத்துவிடுகிறது. பொதுச் சாவியால் பூட்டியதை அதற்கு இணையான தனிச் சாவி ஒன்றால்தான் திறக்க முடியும். அந்தத் தனிச் சாவி இருந்தது சி டிரைவில், யூசர்ஸ் கோப்புறையில் என் பெயரில் இருந்த பகுதியில், ஆப்டேட்டா என்ற, சாதாரணமாகக் கண்ணில் படாத இடத்தில். அங்கும் அது திறந்தபடி இல்லை. மாஸ்டர் கீ என்ற இன்னொரு சாவி அதைப் பூட்டியிருந்தது. அந்த மாஸ்டர் கீயைப் பூட்டியிருந்ததுதான் நான் தினமும் காலையில் தட்டிய பாஸ்வேர்டு. ஆக, பாஸ்வேர்டு என் நினைவில் இருந்தது, கோப்புகள் டி டிரைவில் ஒரு பைட் குறையாமல் இருந்தன, இரண்டுக்கும் நடுவில் இருந்த சாவிகளைப் போகி அன்று நானே துடைத்துவிட்டேன். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, கையில் வாளி இருக்கிறது, நடுவில் கயிறு இல்லை. அந்தக் கயிறு மொத்தமாகவே சில கேபி அளவுதான். 430 எம்பி பதிவுகளை அவ்வளவு பத்திரமாகக் காத்தவன் அந்தச் சில கேபியை அறியவில்லை.

சாவி இல்லாமல் எல்லா வாய்ப்புகளையும் கம்ப்யூட்டரை விட்டுப் போட்டுப் பார்க்கலாமே என்று பலர் கேட்டார்கள். விண்டோஸ் 7 கோப்பைப் பூட்டுவது 256 பிட் ஏ.இ.எஸ். முறையில். அதில் சாத்தியமான சாவிகளின் எண்ணிக்கையை எழுதினால் 78 இலக்கம் வரும். உலகத்துக் கம்ப்யூட்டர்களையெல்லாம் ஒன்றுசேர்த்தாலும் அது ஆகிற காரியமில்லை. "உங்கள் பூட்டிய கோப்பை உடைத்துத் தருகிறோம்" என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் பணம் கட்டுவதற்கு முன் இந்த ஒரு விஷயத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

சைஃபர் என்று ஒரு கட்டளை விண்டோஸிலேயே இருக்கிறது. கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையில் அந்தச் சொல்லோடு சாய்கோடும் சி என்ற எழுத்தும் சேர்த்து, கோப்பின் பெயரைக் கொடுத்தால், அதை யார் திறக்க முடியும் என்று அது சொல்லும். நள்ளிரவு தாண்டிய நேரத்தில் அதைத் தட்டினேன். இந்தக் கோப்பைத் திறக்கக் கூடியவர் என்று போட்டு, என் பழைய கம்ப்யூட்டரின் பெயரையும் என் பெயரையும் காட்டியது. கீழே, என் பொதுச் சாவியைத் தாங்கிய சான்றிதழின் கைரேகை போல நாற்பது எழுத்தும் எண்ணும், நான்கு நான்காகப் பிரித்து, பத்துக் கொத்துகள். அதற்கும் கீழே, மீட்புச் சான்றிதழ் ஏதும் இல்லை என்ற ஒரு வரி. விண்டோஸ் 2000-இல் தனிக் கம்ப்யூட்டரின் நிர்வாகிக் கணக்குக்கு மீட்கும் அதிகாரம் தானாகவே இருந்தது. எக்ஸ்பி முதல், நாமே ஏற்படுத்தினால்தான் உண்டு. அலுவலக நெட்வொர்க்கில் சேர்ந்த கம்ப்யூட்டர் என்றால் அங்கே நிர்வாகி அப்படியொரு மீட்புச் சாவியை வைத்திருக்கக்கூடும், அவரைத்தான் முதலில் கேட்க வேண்டும். என்னுடையது வீட்டுக் கம்ப்யூட்டர். திறக்கக் கூடியவன் நான் ஒருவன்தான் என்று என்னிடமே அது சொல்லிக்கொண்டிருந்தது.

ரிச்சி தெருவில் டேட்டா மீட்டுத் தரும் ஒருவரைப் பற்றி அலுவலகத்தில் சொன்னார்கள். போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னக் கடை, மேசை முழுக்கப் பிரித்துப் போட்ட ஹார்ட் டிஸ்க்குகள். நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "சார், ஃபார்மட் பண்ணதுக்கப்புறம் எத்தனை நாள் யூஸ் பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டார். பதினைந்து நாள் என்றேன். உதட்டைப் பிதுக்கினார். ஃபார்மட் செய்தவுடன் நிறுத்தியிருந்தால், சி டிரைவில் பழைய சாவிக் கோப்புகளின் மிச்சம் இருந்திருக்க வாய்ப்புண்டு. அவற்றைத் தேடி எடுத்து, பழைய பாஸ்வேர்டையும் கொடுத்தால் திறக்கும் மென்பொருள்கள் உண்மையிலேயே இருக்கின்றன. நானோ அதே டிஸ்க்கில் அதே இடத்தில் விண்டோஸ் 10-ஐப் போட்டு, அப்டேட்களைப் போட்டு, ஆஃபீஸ் போட்டு, பதினைந்து நாள் புழங்கியிருந்தேன். இருந்தாலும் ஒரு ராத்திரி முழுக்க டிஸ்க்கை ஸ்கேன் செய்தார். என்றோ அழித்த கல்யாணப் போட்டோக்கள் கிடைத்தன, மகளின் பள்ளிக்கூட ப்ராஜெக்ட் கிடைத்தது. சாவி கிடைக்கவில்லை. காசு கொடுத்தபோது, "வேலை முடியல சார், எப்படி வாங்குறது" என்று கையை எடுத்துவிட்டார். பீச் ஸ்டேஷன்வரை நடந்தே வந்தது நினைவிருக்கிறது.

பதினொன்றில் மூன்று திரும்பக் கிடைத்தன, எதிர்பாராத வழியில். 2015-இல் திருப்பூரில் இருக்கும் தங்கைக்கு, நைனாவின் சம்மதத்தோடு, பதினான்கு நிமிடப் பதிவு ஒன்றை மெயிலில் அனுப்பியிருந்தேன். மெயிலில் இணைக்கும்போது விண்டோஸ் கோப்பைத் திறந்துதான் கொடுக்கிறது, ஆகவே அவளிடம் போனது பூட்டில்லாத நகல். அவள் அதை அழிக்காமல் வைத்திருந்தாள். இது தெரிந்ததும், அம்மா கேட்பதற்காக எப்போதோ பென் டிரைவில் போட்டு டிவியில் செருகியது நினைவுக்கு வந்தது. விண்டோஸ் 7 காலத்தில் இ.எஃப்.எஸ். பூட்டு என்.டி.எஃப்.எஸ். முறையில் அமைந்த டிஸ்க்கில்தான் நின்றது. அந்தப் பென் டிரைவ் ஃபேட்32 என்ற வேறு முறையில் அமைந்தது. விண்டோஸ் 7-இல் அதற்கு நகல் எடுக்கும்போது, பூட்டில்லாமல் போகும், பரவாயில்லையா என்று கேட்டுவிட்டு அப்படியே எழுதிவிடும். இரண்டு நாள் வீட்டைப் புரட்டி, தையல் மெஷின் டிராயரில், பாபின்களுக்கு நடுவில் அதைக் கண்டெடுத்தேன். உள்ளே இரண்டு பதிவுகள். ஒன்றில் நைனா பேசத் தொடங்கும் முன் குக்கர் இரண்டு விசில் அடிக்கிறது, "அடுப்ப அணைடி" என்கிறார், பிறகுதான் மில்லுக்கு முதல் நாள் போன கதை வருகிறது. அம்மா அதைக் கேட்டுவிட்டு மறுபடியும் போடச் சொன்னார்.

இனி, விண்டோஸை மாற்றப் போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது. பூட்டிய கோப்பு உங்களிடம் இருக்கிறதா என்பதே தெரியாமல் இருக்கலாம். அதே சைஃபர் கட்டளையோடு யு, என் என்ற இரண்டு எழுத்துகளையும் தனித்தனிச் சாய்கோட்டோடு சேர்த்துக் கொடுத்தால், கம்ப்யூட்டரில் இ.எஃப்.எஸ். பூட்டுள்ள கோப்புகள் எவை என்று பட்டியல் தரும். இருந்தால், மிக எளிய வழி, பழைய விண்டோஸ் உயிரோடு இருக்கும்போதே அந்தக் கட்டத்தில் டிக்கை எடுத்துப் பூட்டைத் திறந்துவிடுவது. பூட்டு வேண்டும் என்றால், சர்டிஃபிகேட் மேனேஜரில் பர்சனல் என்ற பகுதியில் உள்ள சான்றிதழைத் தனிச் சாவியோடு சேர்த்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள்; பி.எஃப்.எக்ஸ். என்ற முடிவோடு ஒரு சிறு கோப்பு கிடைக்கும். அதற்கு ஒரு பாஸ்வேர்டு வைத்து, அந்தக் கம்ப்யூட்டருக்கு வெளியே, ஒன்றுக்கு இரண்டு இடத்தில் வையுங்கள். வைத்ததோடு விடாமல், வேறொரு கம்ப்யூட்டரில் அதை ஏற்றி, பூட்டிய கோப்பு ஒன்று திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பழையதில் கை வைக்க வேண்டும். இதைப் பார்க்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம். முடிந்தால் ஃபார்மட் செய்வதைவிடப் பழைய டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவைத்துவிட்டுப் புதிய எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் போடுவது நல்லது.  ஃபார்மட் செய்யாமலே புதிதாகப் போட்டால் பழையது விண்டோஸ்.ஓல்டு என்ற கோப்புறைக்குள் போகும், ஆனால் விண்டோஸ் 10-உம் 11-உம் அதைப் பத்து நாளில் தாமாகவே அழித்துவிடும் என்பதால் உள்ளே இருக்கும் யூசர்ஸ் பகுதியை உடனே நகல் எடுக்க வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாஸ்வேர்டை நாமே பழையதைக் கொடுத்து மாற்றினால் சாவி பிழைக்கும். மறந்துபோனது என்று நிர்வாகிக் கணக்கிலிருந்து ரீசெட் செய்தால், விண்டோஸை மாற்றாமலேயே பூட்டிய கோப்புகள் கைவிட்டுப் போகும்.

அக்கா மகனின் லேப்டாப்பில் இ.எஃப்.எஸ். எதுவும் இல்லை. ஆனால் சி, டி இரண்டுமே, டிரைவ் முழுவதையும் பூட்டும் பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருந்தன. அவன் எதையும் அழுத்தியதில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்தும் பல புதிய லேப்டாப்களில் அது தானாகவே நடந்துவிடுகிறது. சி-யை ஃபார்மட் செய்திருந்தால், புதிய விண்டோஸ் டி டிரைவைத் திறக்க 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டிருக்கும். அந்த எண் அவனுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தது. கல்லூரியில் சேர்ந்தபோது உருவாக்கிய கணக்கு, அதன் பாஸ்வேர்டே அவனுக்கு நினைவில்லை. ஒரு மணி நேரம் போராடி உள்ளே நுழைந்து, ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கொத்துகளையும் ஒரு நோட்டுத் தாளில் அவன் சொல்லச் சொல்ல நான் எழுத, பிறகு நான் படிக்க அவன் சரிபார்த்தான். அக்கா அந்தத் தாளை ரேஷன் கார்டு வைக்கும் கவரில் போட்டு பீரோவில் வைத்தார். அதற்குப் பிறகுதான் விண்டோஸ் 11 போட்டோம்.

மீதமுள்ள எட்டுக் கோப்புகளை நான் அழிக்கவில்லை. ரோபோகாப்பி என்ற கட்டளையில், பூட்டைத் திறக்காமல் பூட்டியபடியே நகல் எடுக்கும் வழி ஒன்று இருக்கிறது. அப்படி இன்னொரு டிஸ்க்கிலும் எடுத்து வைத்திருக்கிறேன். அவற்றில் நைனா என்ன பேசினார் என்பதை, ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதிக்கொண்டு வருகிறேன். நான் ஒன்று சொன்னால், "அது ரெண்டாவது ஷிப்டு இல்லடா, நைட் ஷிப்டு, நான்தானே சோறு கட்டிக் குடுத்தேன்" என்று அம்மா திருத்துவார். ஏழு பதிவுகளுக்கு இப்படி ஏதோ கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. ஒன்பதாவது பதிவில் என்ன இருந்தது என்பது எனக்கும் நினைவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை. 2016 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதிவானது, 43 எம்பி. அந்த ரெக்கார்டர் பதிவு செய்த வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால், 47 நிமிடம் பேசியிருக்கிறார்.